வேலை விசாவிலிருந்து எக்ஸ் விசா: பெங்களூரில் இருந்தபடியே மாற்ற முடியுமா?

கிள்ளான்காரி | ஜனவரி 11

எல்லாருக்கும் வணக்கம். நான் மலேசியா, கிள்ளான். மூன்றரை வருஷமாகப் பெங்களூரில் எம்ப்ளாய்மெண்ட் விசாவில் வேலை செய்கிறேன். கணவர் லிங்கராஜபுரத்தில் பிறந்து வளர்ந்தவர், இந்தியக் குடிமகன். போன நவம்பரில் வீட்டுப் பக்கத்து முருகன் கோயிலில் தாலி கட்டினோம். கையில் கோயில் ரசீதும் போட்டோக்களும்தான் இருக்கின்றன. பதிவு இன்னும் செய்யவில்லை.

என் விசா ஏப்ரல் 30 அன்று முடிகிறது. நான் இருக்கும் புராஜெக்டையும் அதோடு மூடுகிறார்கள். நீட்டித்துத் தர முடியாது என்று கம்பெனி சொல்லிவிட்டது. கணவரை வைத்து எடுக்கும் எக்ஸ் விசாவுக்கு இங்கிருந்தே மாறலாமா, இல்லை கேஎல் (கோலாலம்பூர்) போய்த்தான் எடுத்து வர வேண்டுமா? ஓர் ஏஜெண்டிடம் போனோம். "முதல்ல வேலைய விட்டுட்டு வாங்க, மிச்சத்த நான் பாத்துக்கறேன்" என்று சொல்லி முன்பணம் கேட்டார். மனசுக்குச் சரியாகப் படவில்லை, திரும்பி வந்துவிட்டோம். பிப்ரவரியில் மாமியாருக்கு முட்டி ஆப்பரேஷன். அந்த நேரத்தில் அவரை விட்டுப் போக எனக்கு மனசில்லை. இதைக் கடந்து வந்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.

டபுள்ரோடு | ஜனவரி 11

நல்லவேளை திரும்பி வந்தீங்கம்மா. வேலைய மட்டும் இப்ப விட்டுடாதீங்க. நான் ஒம்பது வருஷம் ஒரு ஐடி கம்பெனி எச்ஆர்ல வெளிநாட்டுக்காரங்க ஃபைல மட்டும்தான் பாத்துக்கிட்டு இருந்தேன். எம்ப்ளாய்மெண்ட் விசா உங்க பாஸ்போர்ட்டுல இருந்தாலும் முடிச்சு கம்பெனி கையிலதான். நீங்க வேலைய விட்ட உடனே அவங்க எஃப்ஆர்ஆர்ஓவுக்கு, அதான் வெளிநாட்டுக்காரங்க பதிவு ஆபீசுக்கு, தகவல் குடுத்தே ஆகணும். விசாவுல ஏப்ரல்னு போட்டிருக்கேன்னு சொல்லிப் பிரயோஜனமில்ல, நீங்க இங்க இருக்கறதுக்கான காரணமே போயிடும்.

இங்கயே மாத்தலாம். செல்லுபடியாகற விசாவுல இருக்கும்போது இந்தியக் குடிமகனைக் கல்யாணம் பண்ணினா எக்ஸ் விசாவுக்கு மாத்திக்க உள்துறை விதியிலயே இடம் இருக்கு. பதிவான கல்யாண சர்டிஃபிகேட் கேப்பாங்க. ரெண்டு பேரும் சேந்துதான் வாழறீங்களான்னு விசாரிப்பாங்க. உங்க பின்னணி பாத்து பாதுகாப்பு அனுமதி குடுக்கணும். 2018லருந்து எல்லாமே இ-எஃப்ஆர்ஆர்ஓ தளத்துலதான், கூப்பிட்டாத்தான் சாந்திநகர் பஸ் ஸ்டாண்டு கட்டட அஞ்சாவது மாடிக்குப் போகணும்.

எனக்குப் பதறுறது வேற விஷயம். ரெண்டு மாசமா பதிவே பண்ணாம இருக்கீங்களே! இந்தியரோட மனைவியா ஓசிஐ கார்டு (வெளிநாட்டுப் பாஸ்போர்ட்டோடவே விசா இல்லாம இங்க தங்கறதுக்கான கார்டு) வாங்கணும்னா, கல்யாணம் பதிவாகி ரெண்டு வருஷம் விடாம நீடிச்சிருக்கணும். குடியுரிமைச் சட்டம் 7ஏ பிரிவு. அந்த ரெண்டு வருஷமும் நீங்க வேலை விசாவுல இருந்தீங்களா, எக்ஸ் விசாவுல இருந்தீங்களான்னு சட்டம் கேக்கல. கல்யாணம் ஆயிட்டா உடனே விசா மாத்தியாகணும்னு ஒரு கட்டாயமும் இல்ல. கம்பெனி நீட்டிச்சுக் குடுக்கறவங்க வேலையில இருந்துக்கிட்டே ரெண்டு வருஷத்த ஓட்டிட்டு நேரா ஓசிஐ வாங்கிடலாம். இது தெரியாம அவசரப்பட்டு எக்ஸுக்கு மாறி, நல்ல வேலைய விட்டுட்டு உக்காந்த பொண்ணுங்கள நான் கண்ணால பாத்திருக்கேன். எக்ஸ் விசாவுல சம்பளத்துக்கு வேலை பாக்க முடியாதும்மா. ஓசிஐல பாக்கலாம்.

உங்களுக்கு நீட்டிப்பு இல்லாததால மாத்தித்தான் ஆகணும். நாளைக்குக் காலையில முதல் வேலையா சப்-ரிஜிஸ்ட்ரார் ஆபீஸ் போங்க.

கிள்ளான்காரி | ஜனவரி 12

அக்கா, எக்ஸ் விசாவில் வேலை செய்யக்கூடாது என்பதே எங்கள் இரண்டு பேருக்கும் தெரியாது. நேற்று ராத்திரி முழுக்கத் தூக்கம் இல்லை. 15 வருஷமாகச் சம்பாதிக்கிறேன், தங்கச்சி படிப்புக்கு மாசாமாசம் அனுப்புகிறேன். வேறு கம்பெனி என்னை எடுத்துக்கொண்டால் இதே விசாவில் தொடரலாமா?

டபுள்ரோடு | ஜனவரி 12

ஒரே குழுமத்துக்குள்ள, தாய்க் கம்பெனி, கிளைக் கம்பெனின்னு மாறினா வழி இருக்கு. முழுக்க வேற முதலாளின்னா வெளிய போய் புது எம்ப்ளாய்மெண்ட் விசா எடுத்துட்டுதான் வரணும். சம்பளமும் வருஷத்துக்கு 16.25 லட்சத்துக்குக் கீழ இருக்கக்கூடாது. ஏப்ரலுக்குள்ள அப்படி ஒரு ஆஃபர் கிடைச்சா அதுவும் நல்ல வழிதான். ஆனா அதையே நம்பிக்கிட்டு பதிவத் தள்ளிப் போடாதீங்க. எந்த வழியில போனாலும் அந்த சர்டிஃபிகேட் வேணும்.

ஹெப்பாள்காரன் | ஜனவரி 13

நான் கொஞ்சம் மாத்திச் சொல்றேன். என் மனைவி பிலிப்பைன்ஸ். இங்க மாத்தப் போனா விசாரணை, போலீஸ்னு மாசக்கணக்குல இழுக்கும்னு பயந்து, கல்யாண சர்டிஃபிகேட்ட எடுத்துக்கிட்டு மணிலா போய் இந்தியத் தூதரகத்துல எக்ஸ் விசா எடுத்தோம். மூணு வாரத்துல கைக்கு வந்துடுச்சு. திரும்பி வந்து 14 நாளுக்குள்ள எஃப்ஆர்ஆர்ஓல பதிவு பண்ணோம், அவ்வளவுதான். சகோதரி, உங்களுக்கு அம்மா வீடு கேஎல் பக்கத்துலயே இருக்கு. தங்கற செலவு இல்ல. ஒரு மாசம் போயிட்டு வந்துடுங்களேன். விசா தேதி நெருங்க நெருங்க இங்க உக்காந்து மெயில் வருமா வருமான்னு பாக்கற கொடுமை வேண்டாம்.

வடமராட்சியான் | ஜனவரி 13

ஹெப்பாள் அண்ணை சொல்லுறது அவருக்குச் சரியா வந்தது, சந்தோசம். ஆனா அங்க போய் ஃபைல் இழுபட்டா, தங்கச்சி அங்க, புருசன் இஞ்ச, மாமி ஆஸ்பத்திரியில. அந்தக் கணக்கையும் பாக்கவேணும்.

நான் யாழ்ப்பாணம், மனிசி பெங்களூர்த் தமிழ். மூண்டு வருசத்துக்கு முன்னம் வேலை விசாவில இருந்து இஞ்ச இருந்துகொண்டேதான் மாத்தினனான். விசாரிக்கிறதுக்கு ஸ்டேஷனில இருந்து ஒரு ஏட்டையா வந்தவர். அண்டைக்கு மனிசி வேலைக்குப் போட்டா, நான் தனிய. எனக்குக் கை நடுங்கினது. அவர் இருந்து தண்ணி வாங்கிக் குடிச்சார், கனக்கக் கேக்கேல்ல. எழும்பிப் போகேக்க வாசலில செருப்புத் தட்டக் குனிஞ்சு பார்த்தார். மனிசின்ர மூண்டு சோடி, என்ர ஒரு சோடி. பிறகு கீழ் வீட்டு அம்மாவிட்டக் கன்னடத்தில என்னவோ கேட்டார். அந்த அம்மா சொன்ன மறுமொழிய மனிசி பின்னேரம் வந்து எனக்கு விளங்கப்படுத்தினவ: "ரெண்டு பேரும் சாயந்தரம் ஒரே பையப் பிடிச்சுக்கிட்டு காய்கறி வாங்கப் போவாங்க, தினமும் பாக்கறேன்." எனக்கு அப்ப அழுகை வந்திட்டுது.

பிழை விட்டது ஒரு இடத்தில. வாடகை ஒப்பந்தம் மனிசின்ர பேரில மட்டும் இருந்தது. என்ர பேர் இல்லாததால ஃபைல் அஞ்சு கிழமை கிடந்தது. ரண்டு பேரின்ர பேரும் போட்டுப் புது ஒப்பந்தம் எழுதிக் குடுத்த பிறகுதான் அசைஞ்சது. வீட்டுக்காரர் நீங்கள் தங்கியிருக்கிறத எஃப்ஆர்ஆர்ஓவுக்கு அறிவிச்சிருக்கிறாரோ எண்டும் பாருங்கோ. 2025 செப்டம்பர் 1இல இருந்து வெளிநாட்டாருக்கான பழைய சட்டங்கள் போய்ப் புதுச் சட்டம் வந்திட்டுது, ஆனா நீங்கள் தங்கியிருக்கிறத வீட்டுக்காரர் அறிவிக்கவேணும் எண்டது மாறேல்ல. கெதியாச் செய்யுங்கோ தங்கச்சி.

திரும்பிவந்தவள் | ஜனவரி 14

உங்க ரெண்டாவது பதிவப் படிச்சுட்டு எழுதாம இருக்க முடியல. நான் 2012ல அமெரிக்காவுல எச்-1பி வேலை விசாவுல இருந்து, கணவர வெச்சு எடுக்கற எச்-4 விசாவுக்கு மாறினவ. கம்பெனி ஆள் குறைச்சாங்க, அவர் எச்-1பியில இருந்தார், ஐ-539 படிவம் போட்டு மாத்திட்டோம். காகித வேலைன்னு பாத்தா ரொம்ப சுலபமா முடிஞ்சது. அப்ப எச்-4ல இருக்கறவங்களுக்கு வேலை அனுமதியே கிடையாது. அது 2015 மே மாசம்தான் வந்தது, அதுவும் பெரும்பாலும் கணவரோட ஐ-140 (கிரீன் கார்டுக்காகக் கம்பெனி போடற மனு) அங்கீகாரம் ஆகியிருந்தாத்தான்.

முதல் மாசம் ஒண்ணும் தெரியல, லீவு மாதிரி இருந்தது. ரெண்டாவது மாசம் கடையில நாப்கின் எடுத்துட்டு கவுண்டர்ல நிக்கிறேன், என் கார்டுல பணம் இல்ல. அவருக்கு மெசேஜ் போட்டு, அவர் மீட்டிங் முடிச்சு வர வரைக்கும் அந்தப் பாக்கெட்டக் கையில வெச்சுக்கிட்டு ஓரமா நின்னேன். அவர் ஒரு வார்த்தை தப்பா சொல்லல, தங்கமான மனுஷன். இருந்தும் அன்னிக்கு எனக்குள்ள என்னவோ உடைஞ்சது.

அதனால சொல்றேன் தங்கச்சி. இப்ப வர மூணு மாசச் சம்பளத்த உங்க பேர்ல தனிக் கணக்குல போட்டு வைங்க. ஜாயிண்ட் அக்கவுண்ட் வேற, அது இருக்கட்டும். உங்க தங்கச்சி படிப்புப் பணத்த எப்படி அனுப்பப் போறோம்னு ரெண்டு பேரும் உக்காந்து இப்பவே பேசி முடிவு பண்ணுங்க. பணம் தீர்ந்த அப்பறம் அந்தப் பேச்சை எடுக்க வாய் வராது.

டபுள்ரோடு | ஜனவரி 14

இதப் படிச்சுட்டு கண்ணு கலங்கிடுச்சு. பணம்னதும் இன்னொண்ணு ஞாபகம் வந்தது. உங்க பிஎஃப்ப நம்பி எந்தக் கணக்கும் போடாதீங்கம்மா. வெளிநாட்டுக்காரங்களுக்கு 15,000 ரூபா உச்சவரம்பு கிடையாது, முழு சம்பளத்துலயும் பிடிச்சிருப்பாங்க. ஆனா சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தம் இல்லாத நாடுன்னா பொதுவா 58 வயசுலதான் எடுக்க விடுவாங்க, மலேசியாவோட நமக்கு அந்த ஒப்பந்தம் இல்ல. 2024 ஏப்ரல்ல கர்நாடக உயர் நீதிமன்றம் இந்தத் தனி விதியே செல்லாதுன்னு தீர்ப்பு குடுத்தது. அதக் காட்டி "உடனே எடுத்துத் தரேன்"னு யாராவது வந்தா, காசு குடுக்கறதுக்கு முன்னாடி ஒரு நல்ல வக்கீலப் பாருங்க.

கரோல்பாக் | ஜனவரி 15

குழந்தாய், நான் தில்லியில் 50 வருஷமாக இருக்கும் கிழவன். இங்கே எல்லாரும் கல்யாணத்தை வைத்தே பேசுகிறார்கள். நீ கிள்ளான் என்கிறாய். உன் குடும்பத்தில் யார், எந்த ஊரிலிருந்து, எந்த வருஷம் கப்பல் ஏறினார்கள்?

ஏன் கேட்கிறேன் என்றால், ஓசிஐக்கு இன்னொரு வாசல் இருக்கிறது. அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்த 1950 ஜனவரி 26 அன்று இந்தியக் குடியுரிமைக்குத் தகுதி பெற்றிருந்தவரின், அல்லது அதற்குப் பிறகு இந்தியக் குடிமகனாக இருந்தவரின் பிள்ளை, பேரப்பிள்ளை, கொள்ளுப் பேரப்பிள்ளை வரை ஓசிஐ கேட்கலாம். இதற்கு இரண்டு வருஷக் காத்திருப்பு கிடையாது. கல்யாணமே தேவையில்லை. இன்னொன்றையும் பெரியவனாகச் சொல்லிவிடுகிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதே. மனைவி என்ற முறையில் வாங்கிய ஓசிஐ, கல்யாணம் முறிந்தால் ரத்தாகும். முன்னோர் வழியில் வாங்கியது உன்னுடையது.

பினாங்கில் இருக்கும் என் சித்தப்பா பேத்திக்காக நானே ஆர்.கே.புரம் அலுவலகத்துக்கு எட்டு முறை நடந்தேன். சங்கிலியில் ஒரு கண்ணிகூட விடுபடக்கூடாது. உன் பிறப்புப் பத்திரத்தில் அப்பா பெயர், அப்பா பத்திரத்தில் தாத்தா பாட்டி பெயர், அவர்கள் இந்தியாவைச் சேர்ந்தவர்கள் என்பதற்கு ஒரு காகிதம். கடைசிக் காகிதத்தில்தான் எல்லாரும் தடுக்கி விழுகிறார்கள்.

கிள்ளான்காரி | ஜனவரி 15

தாத்தா, எனக்கு மெய் சிலிர்க்கிறது. அப்பாவைப் பெற்ற பாட்டி திருவாரூர்ப் பக்கம். கல்யாணம் முடித்து, நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறி வந்தவர். தோட்டத்தில் பால்மரம் (ரப்பர் மரம்) சீவிப் பால் எடுத்தார். சாகும் வரைக்கும் அவரிடம் சிவப்பு ஐசி (அடையாள அட்டை)தான், குடிமக்களுக்கான நீலம் கிடைக்கவே இல்லை. அதனால் பள்ளிக்கூடத்தில் நான் யாரிடமும் பாட்டி ஐசியைப் பற்றிப் பேசமாட்டேன், வெட்கமாக இருக்கும்.

கரோல்பாக் | ஜனவரி 15

சிவப்பு ஐசி என்றால் அவர் மலேசியக் குடிமகள் ஆகவில்லை, நிரந்தரவாசி மட்டும்தான். நமக்கு அது நல்ல அறிகுறி. ஆனால் அது மலேசியக் காகிதம். இந்தியக் காகிதம் ஒன்று வேண்டும். அந்தக் காலத்தில் கப்பலேறியவரிடம் பாஸ்போர்ட் இருந்திருக்கும். அப்பா வீட்டில் பழைய டிரங்குப் பெட்டி, சாமி படத்துப் பின்பக்கம், எல்லாம் பார்க்கச் சொல். கிடைக்காவிட்டால் ஊரில் நிலப் பத்திரம் எதிலாவது பெயர் இருக்கிறதா என்று தேடலாம்.

ஜொகூர்தம்பி | ஜனவரி 17

அக்கா, நம்ம நாட்டுப் பக்கமும் மறந்துவிடாதீர்கள். வெளிநாட்டில் கல்யாணம் செய்த மலேசியர் ஆறு மாதத்துக்குள் அதைப் பதிய வேண்டும், தூதரகத்திலோ தேசியப் பதிவுத் துறையிலோ. சென்னையில் நம்ம துணைத் தூதரகம் இருக்கிறது. நான் விட்டுவிட்டுப் பிறகு அபராதம், விளக்கக் கடிதம் என்று அலைந்தேன்.

கிள்ளான்காரி | பிப்ரவரி 26

இத்தனை நாள் எழுதாததற்கு மன்னிக்கவும். இன்று கல்யாண சர்டிஃபிகேட் கையில் வந்தது.

ஜனவரி 19 அன்று சப்-ரிஜிஸ்ட்ரார் அலுவலகம் போனோம். நாங்கள் இருவரும் இந்துக்கள், இந்து திருமணச் சட்டத்தில் உடனே பதிந்துவிடுவார்கள் என்று நினைத்தோம். என் பாஸ்போர்ட்டைப் பார்த்ததும் சிறப்புத் திருமணச் சட்டத்தில்தான் செய்வேன் என்று அதிகாரி சொல்லிவிட்டார். வாதாடிப் பார்க்கலாம் என்றார் கணவர். வாதாடும் நாளில் நோட்டீஸ் ஓடட்டும் என்று நான் சொன்னேன். ஏற்கெனவே சடங்கு செய்து முடித்த கல்யாணத்தையும் அந்தச் சட்டத்தின் 15ஆம் பிரிவில் பதியலாம். இரண்டு பேரும் அந்த மாவட்டத்தில் 30 நாளாவது குடியிருந்திருக்க வேண்டும், 30 நாள் நோட்டீஸ், பிறகு மூன்று சாட்சிகள். கல்யாணத்துக்கு முன் எனக்கு வேறு கல்யாணம் இல்லை என்று மலேசியாவிலிருந்து கடிதமும் கேட்டார்கள். அண்ணன் புத்ராஜெயாவில் வரிசையில் நின்று வாங்கி அனுப்பினார்.

அந்த நோட்டீஸ் பலகையை மறக்கமாட்டேன். கண்ணாடி உடைந்த பலகை. எங்கள் காகிதத்தின் ஒரு முனை மின்விசிறிக் காற்றில் தூக்கிக்கொண்டே இருந்தது. கணவர் ஒவ்வொரு வாரமும் வேலைக்குப் போகும் வழியில் இறங்கி, அது அங்கேயே இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போனார். ஒருமுறை விழுந்து கிடந்ததாம். எடுத்து ப்யூனிடம் கொடுத்து, மறுபடியும் பலகையில் குத்தச் சொல்லிவிட்டு வந்தார்.

மாமியாருக்கு ஆப்பரேஷன் நல்லபடியாக முடிந்தது. மருத்துவமனை கட்டிலில் இருந்தபடியே எங்கள் புது வாடகை ஒப்பந்தத்தை வாங்கிப் பார்த்து, என் பெயர் எங்கே என்று கேட்டார். விரலை வைத்துக் காட்டினேன்.

நாளை இ-எஃப்ஆர்ஆர்ஓவில் போடுகிறோம்.

வடமராட்சியான் | பிப்ரவரி 26

சர்டிஃபிகேட்டில உங்கட பேர் பாஸ்போர்ட்டில இருக்கிற மாதிரி எழுத்துக்கு எழுத்து இருக்கோ எண்டு ஏத்துறதுக்கு முதல் பாருங்கோ. அப்பான்ர பேரும்.

கிள்ளான்காரி | பிப்ரவரி 27

அண்ணா, நல்லவேளை சொன்னீர்கள். அப்பா பெயரில் ஓர் எழுத்து விட்டிருந்தார்கள். திருத்தி வாங்க நான்கு நாள் ஆகும் என்கிறார்கள். ஆகட்டும்.

கிள்ளான்காரி | ஏப்ரல் 17

இன்று எக்ஸ் விசா வந்துவிட்டது.

மார்ச் 4 அன்று விண்ணப்பித்தோம். பாஸ்போர்ட், நடப்பு விசா, சர்டிஃபிகேட், கணவரின் பாஸ்போர்ட், அவர் எழுதிய உறுதிமொழி, கம்பெனிக் கடிதம், கரண்டு பில், வாடகை ஒப்பந்தம், கோயில் போட்டோக்கள். இரண்டு முறை கூடுதல் காகிதம் கேட்டு மெயில் வந்தது. மார்ச் கடைசியில் ஸ்டேஷனிலிருந்து ஒருவர் வந்தார். மாமியார் வாக்கரைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கே வந்து, அவர் கேட்கும் முன்னாலேயே "என் மருமகதான், தினமும் எனக்கு எண்ணெய் தேச்சு விடறது இவதான்" என்றார். அவர் சிரித்துக்கொண்டே எழுதிக்கொண்டார்.

பிறகு வருகிறவர்களுக்காக ஒன்று. எக்ஸ் விசா கிடைத்த அந்த நிமிடமே வேலை விசா போய்விடுகிறது. ஏப்ரல் 30 வரை வேலை செய்யலாம் என்று நான் நினைத்திருந்தேன். மத்தியானம் 3 மணிக்கு மெயில் வந்தது, நேர்மையாக எச்ஆரிடம் சொன்னேன், அன்றைக்கே கடைசி நாள் என்றார்கள். 13 நாள் சம்பளம் இல்லை. சாயந்தரம் லேப்டாப்பை ஒப்படைத்தேன். அடையாள அட்டைக் கயிற்றை மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்றார் அந்தத் தம்பி. சாந்திநகர் வழியாக பஸ்ஸில் வந்தபோது அந்தக் கயிறு மடியில் கிடந்தது. சந்தோஷமா துக்கமா என்று எனக்கே சொல்லத் தெரியவில்லை.

திரும்பிவந்தவள் அக்கா, தனிக் கணக்கில் மூன்று மாதச் சம்பளம் இருக்கிறது. தங்கச்சிக்கு அடுத்த செமஸ்டர் வரை கட்டிவிட்டேன். அதற்கு அப்புறம் அவர் அனுப்புவதாக ஜனவரியிலேயே பேசி முடித்தோம். நீங்கள் எழுதியிராவிட்டால் அந்தப் பேச்சை நான் எடுத்திருக்கவே மாட்டேன். தம்பி, சென்னைத் துணைத் தூதரகத்துக்கு அடுத்த வாரம் போகிறோம், ஆறு மாதம் இன்னும் முடியவில்லை.

ஹெப்பாள்காரன் | ஏப்ரல் 17

வாழ்த்துகள் சகோதரி. ஆறு வாரம் கொஞ்சம்தான், நான் பயந்த அளவு இல்ல. உங்க சூழ்நிலைக்கு இங்க இருந்ததே சரி.

கிள்ளான்காரி | மே 9

கரோல்பாக் தாத்தாவுக்கு. அப்பா பழைய வீட்டுப் பெட்டியைத் திறந்தார். பாட்டியின் ஜாக்கெட்டுத் துணிகளுக்கு அடியில், மாரியம்மன் கோயில் மஞ்சள் துணியில் சுற்றி, பாஸ்போர்ட் இருக்கிறது. இந்தியக் குடியரசு, மதராஸில் கொடுத்தது, 1955. போட்டோவில் பாட்டிக்கு 20 வயதுகூட இருக்காது, மூக்குத்தி தெரிகிறது. அப்பா போனில் காட்டினார், கொஞ்ச நேரம் இருவருமே பேசவில்லை.

ஆனால் பாஸ்போர்ட்டில் பெயரின் கடைசியில் "அம்மாள்" இருக்கிறது. சிவப்பு ஐசியிலும் அப்பாவின் பிறப்புப் பத்திரத்திலும் அது இல்லை. இதைக் காரணம் காட்டித் தள்ளிவிடுவார்களா?

கரோல்பாக் | மே 9

1955ஆம் வருஷத்து இந்தியப் பாஸ்போர்ட்டா! குழந்தாய், இதைவிடப் பெரிய காகிதம் கிடையாது. பத்திரமாக வை, லேமினேட் மட்டும் செய்துவிடாதே. பெயர் வித்தியாசத்துக்கு, இரண்டும் ஒரே ஆள்தான் என்று உன் அப்பா அங்கே சத்தியப் பிரமாணம் எழுதிக் கொடுக்கட்டும். பிறந்த ஊரும் தகப்பனார் பெயரும் இரண்டிலும் ஒத்துப்போனால் பலம். என் சித்தப்பா பேத்திக்கும் "ஆச்சி" என்று ஒரு வால் ஒட்டிக்கொண்டிருந்தது, அப்படித்தான் தீர்ந்தது. கட்டணம் 15,000 ரூபாய். படிவத்தில் மனைவி என்ற இடத்தைத் தொடாதே, இந்திய வம்சாவளி என்ற இடத்தில் போடு.

கிள்ளான்காரி | மே 10

அப்பா நாளைக் காலை பத்து மணிக்குச் சத்தியப் பிரமாண ஆணையரிடம் போகிறார். பாட்டியின் மரணப் பத்திரமும் சேர்த்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.

புதுமணப்பெண் | மே 21

அக்கா, நான் ஈப்போ, இப்போது ஒயிட்ஃபீல்டில் வேலை. அடுத்த மாதம் கல்யாணம். விசா 2028 வரை இருக்கிறது, கம்பெனியும் நீட்டிப்பார்கள். நானும் எக்ஸ் விசாவுக்கு மாற வேண்டுமா?

கிள்ளான்காரி | மே 21

மாறாதீர்கள் தங்கச்சி. வேலையிலேயே இருங்கள். பதிவுக்கு மட்டும் இந்த வாரமே நாள் கேட்டுவிடுங்கள். உங்கள் பாட்டி தாத்தா எந்த ஊர்?